இறுதிக்கடன் கொடுப்பவர்

9.11.1982, செவ்வாய்.
இன்று வகுப்பில் ஒரு சிறு பிழை விட்டேன். எந்த நூலிலும் இல்லாத ஒரு சொல்லை நானாகவே செய்து கட்டுரையில் எழுதிவிட்டேன். அதற்கு வேறு பொருள் உண்டென்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். அடுத்த செவ்வாய்க்குள் மாற்ற வேண்டும்.

காலிதீன் பேனையை மூடினான். பிறகு மறுபடியும் திறந்து, 'தோன்றியிருக்க வேண்டும்' என்பதன் கீழ் ஒரு கோடு போட்டான். தன்னைப் பற்றி எழுதும்போது கோடு போடாமல் அவனுக்கு முடிந்ததில்லை.

கல்முனைப் பிரதான வீதியில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் செவ்வாய்தோறும் பின்னேரம் அந்த வகுப்பு நடந்தது. பட்டம் முடித்து வேலைக்குப் போனவர்களுக்கான பட்டப்பின் டிப்ளோமா. வங்கிக்காரர், ஆசிரியர், கந்தோர்க்காரர் என்று பத்துப் பன்னிரண்டு பேர். நிந்தவூரில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதும் காலிதீனும் அவர்களில் ஒருவன். மட்டக்களப்பிலிருந்து பஸ்ஸில் வரும் விரிவுரையாளர் இந்தத் தவணைக்கு எடுத்த பாடம் உலக நிதி முறைமையும் அதன் உறுதிப்பாடும். ஆகஸ்டில் மெக்சிக்கோ தன்னால் கடன் கட்ட முடியாதென்று கையை விரித்த பிறகு பாடத்துக்கு உயிர் வந்திருந்தது. ஒரு நாடு சாய்ந்தால் அதற்குக் கடன் கொடுத்த வங்கிகள் ஆடுகின்றன. வங்கி ஆடுகிறது என்று கேட்டால் அதில் காசு போட்டவர்கள் ஓடி வருகிறார்கள். எல்லோரும் ஒரே நாளில் ஓடி வந்தால் எவ்வளவு நல்ல வங்கியும் நிற்காது. அந்த நேரத்தில், மற்ற எல்லோரும் கையை இழுக்கும்போது, 'நான் இருக்கிறேன்' என்று கடன் கொடுக்கக் கடைசியாக ஒருவர் நிற்க வேண்டும். ஒரு நாட்டுக்குள் அது மத்திய வங்கி. உலகத்துக்கு யார்? அந்தக் கேள்விதான் காலிதீனுக்கு விழுந்த கட்டுரை.

அப்படி நிற்பவருக்கு ஆங்கிலத்தில் பெயர் இருந்தது. தமிழில் கிடைக்கவில்லை. அகராதியை வைத்துக்கொண்டு அடித்தடித்து எழுதி, கடைசியில் 'இறுதிக்கடன் கொடுப்பவர்' என்று முடிவு செய்தான். அழகாகத்தான் தெரிந்தது. வகுப்பில் எழுந்து நின்று வாசித்தான். இரண்டாம் தடவை அந்தச் சொல் வந்ததும் பின்வாங்கிலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. பாண்டிருப்பு நல்லரெத்தினம். கல்முனையில் ஒரு வங்கியில் வேலை செய்பவர், காலிதீனைவிடப் பத்து வயது மூத்தவர்.

"ஐசே காலிதீன், இறுதிக்கடன் எண்டா எங்கட ஆக்களுக்கு என்னெண்டு தெரியுமா? செத்தவருக்குக் கொள்ளி வைக்கிறது காணும். மெக்சிக்கோவுக்குக் கொள்ளிக்குடம் தூக்கப் போறது ஆர், அமெரிக்கனா?"

வகுப்பே சிரித்தது. விரிவுரையாளரும் சிரித்துவிட்டு, சொல் கிடக்கட்டும் என்று ஒரு கேள்வி கேட்டார். பதறும் நேரத்தில் மொத்தம் எவ்வளவு தேவைப்படும் என்று யாருக்கும் தெரியாது. அப்படியிருக்க, தொகையே தெரியாமல் ஒருவர் எப்படி நான் பொறுப்பு என்று முன்வரலாம்? காலிதீன் கட்டுரைத் தாள்களைப் புரட்டிப் பார்த்தான். கட்டுரையில் அதற்குப் பதில் இல்லையென்றால் பரீட்சைப் பட்டியலில் பெயர் போடுவது கஷ்டம் என்றார் விரிவுரையாளர்.

வீட்டில் மனைவி முனவ்வறாவிடம் சொன்னபோது அவளும் சிரித்தாள். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, கோபிக்க வேண்டாம், கொள்ளிக்குடத்தோடு ஒரு வெள்ளைக்காரனை நினைத்துப் பார்த்தேன் என்றாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. கலியாணம் முடித்து ஒன்பது மாதம். அவளிடம் சொன்ன பிறகு எந்த அவமானமும் அரைவாசியாகிவிடுகிறது என்பதை அவன் கண்டுபிடித்திருந்தான். ஆனால் அதை நாட்குறிப்பில் எழுத வெட்கமாக இருந்தது.

ஊர் வழக்கப்படி கலியாணத்தோடு அவன் பெண் வீட்டுக்கு வந்திருந்தான். அது முனவ்வறாவின் வாப்பா மீராசாஹிபு கட்டிக் கொடுத்த வீடு. மாமி சபியா உம்மா மருமகனோடு நேரே ஒரு சொல் கதைத்ததில்லை. கதவுக்குப் பின்னால் நின்று, மருமகனுக்குத் தேத்தண்ணி குடுத்தியா மகள் என்று கேட்பார். அவன் பதிலை மகளிடம் சொல்லுவான். மூவரும் ஒரே வீட்டுக்குள் அப்படித்தான் கதைத்துக்கொண்டார்கள். மாமா அப்படியில்லை. அவருக்குப் பகிடி இல்லாமல் சோறு இறங்காது. மருமகன் உலகத்துக் காசெல்லாம் படிக்கிறார், எங்கட ஸ்டோர்ல எத்தின மூடை இரிக்கி எண்டு கேட்டாத் தெரியாது என்பார்.

மாமாவின் நெல்லு ஸ்டோர் வீட்டுக்குப் பக்கத்து வளவில் இருந்தது. நிந்தவூர், காரைதீவு, சாகாமம் பக்கத்து வயல்காரர்கள் வெட்டு முடிந்ததும் நெல்லை அங்கே இறக்கிவிட்டுப் போவார்கள். மாமா அதை ஆலைக்கு விற்பார், கொஞ்சத்தை வைத்திருப்பார். விதைப்புக்கோ, கலியாணத்துக்கோ, ஆசுபத்திரிக்கோ தேவைப்படும் நாளில் அவர்கள் வந்து நெல்லாகவோ காசாகவோ எடுத்துக்கொள்வார்கள். எழுத்து ஒன்றும் கிடையாது. யாருக்கு எவ்வளவு என்பது மாமாவின் தலைக்குள் இருந்தது. ஒரு நாள் வகுப்புக் குறிப்பை வாசித்துக்கொண்டிருந்த காலிதீனுக்குத் திடீரென்று உறைத்தது: மாமா நடத்துவது வங்கி. கொடுக்க வேண்டியது எப்போதும் கையில் இருப்பதைவிட அதிகம். எல்லோரும் ஒரே நாளில் வராதவரை அது நடக்கும். அதை அவன் மாமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் பகிடிக்கு ஆகும் என்று விட்டுவிட்டான்.

வியாழக்கிழமை அதிகாலை சுபஹுத் தொழுகைக்குத் தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போன மீராசாஹிபு அங்கேயே விழுந்தார். தூக்கிக் கொண்டுவந்து கிடத்துவதற்குள் மௌத்தாகிவிட்டார்.

வீடு நிறைந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. குளிப்பாட்டுவதும் கபன் துணி வெட்டுவதும் நடக்கும்போதே, ஒன்பது மணிபோல ஸ்டோர் கேட்டடியில் முதல் வண்டில் வந்து நின்றது. காரைதீவு இளையதம்பி. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மழையில் நின்றார். உள்ளேயும் வரவில்லை, போகவும் இல்லை. அடுத்து சாகாமத்திலிருந்து ஓர் உழவு மெசின் இழுவைப் பெட்டியோடு வந்தது. பிறகு இன்னும் இரண்டு வண்டில். பெரும்போக விதைப்புக் காலம். எல்லோருக்கும் நெல் வேண்டும். யார் யார் எவ்வளவு வைத்தார்கள் என்பதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் உள்ளே வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். அவர்கள் கெட்டவர்களல்ல. ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமல் நின்றதிலேயே அது தெரிந்தது. ஆனால் முதல் வண்டில் ஏற்றிக்கொண்டு போனால் தன் நெல்லும் போய்விடும் என்று ஒவ்வொருவரும் பயந்தார்கள். காலிதீன் குறிப்புகளில் வாசித்த பதற்றம் இப்போது மாட்டு வண்டிலோடு கேட்டடியில் நின்றது.

மாமாவுக்கு உதவியாக ஸ்டோரைப் பார்த்தவன் ஜவுபர், மாமாவின் சகோதரி மகன். அவன் காலிதீனைப் பின்பக்கம் கூட்டிப் போய், கதவைப் பூட்டி ஆமைப் பூட்டும் போட்டுவிட்டேன் என்றான். இப்போது யாருக்கும் ஒன்றும் சொல்லக்கூடாது, மறுகா பாப்பம் என்பது அவன் யோசனை. அது புத்தியான யோசனையாகத்தான் காலிதீனுக்கும் பட்டது. கணக்குத் தெரியாமல் வாய் திறப்பது அவன் தொழிலிலேயே குற்றம்.

பகல் லுஹர் தொழுகை முடிந்து மாமாவின் மையித்தைத் தூக்கும் நேரம் நெருங்கியபோது முனவ்வறா அறைக்குள் அவனைக் கூப்பிட்டாள். அழுது முகம் வீங்கியிருந்தது. குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"இஞ்சேருங்க, தொழுகைக்கு முந்தி வாப்பாட கடனை ஆரு ஏக்கிற?"

அவனுக்கு அது தெரிந்த வழக்கம்தான். ஜனாஸாத் தொழுகைக்கு எல்லோரும் வரிசையில் நின்றதும், இறந்தவரின் மகனோ சகோதரனோ முன்னால் வந்து, இவர் யாருக்கும் கடன் பட்டிருந்தால் என்னிடம் வாருங்கள் என்று சொல்ல வேண்டும். கடனோடு மண்ணுக்குள் போகும் ஆளின் உயிர் அந்தக் கடனில் தொங்கிக்கொண்டிருக்கும் என்பது அவர்கள் சிறுவயதிலிருந்து கேட்டது. எத்தனையோ ஜனாஸாவில் அவன் அதைக் கேட்டிருக்கிறான். யாரோ ஒருவர் சொல்லுவார், வரிசை நேராகும், தொழுகை தொடங்கும். அந்த யாரோ ஒருவர் தானாக இருக்கலாம் என்று நினைத்ததில்லை.

ஜவுபர் சொன்னதை அவளிடம் சொன்னான். எவ்வளவு என்றே தெரியாது, ஸ்டோரில் கிடப்பது பத்தில் ஒரு பங்குக்கும் போதாமல் போகலாம், சங்கத்துச் சம்பளத்தில் ஆயுள் முழுக்கக் கட்டினாலும் முடியாமல் போகலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியாத தொகைக்கு நான் எப்படி எழும்புற முனவ்வறா?"

"தெரிஞ்ச தொகைக்கு ஆரும் எழும்புவாங்க. தெரியாததுக்குத்தான் மகன் வேணும். வாப்பாக்கு ஆம்புளப் புள்ள இல்ல." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நான் பொம்புள, எனக்கு அங்க வரேலா. வந்தா நான் சொல்லுவன்."

அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

பள்ளிவாசல் முற்றத்தில் ஆறு வரிசை. ஓரத்தில் மதிலோடு இளையதம்பியும் சாகாமத்துக்காரர்களும் நின்றார்கள். மௌலவி திரும்பி, மையித்தின் கடனுக்குப் பொறுப்பு யார் என்று கேட்டார். ஜவுபர் நிலத்தைப் பார்த்தான். காலிதீனின் கால் ஏற்கனவே முன்னால் போயிருந்தது. மனம் பின்னாலிருந்து, பத்தில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"என்ட மாமா மீராசாஹிபு ஆருக்கும் குடுக்க வேண்டி இரிந்தா, காசோ நெல்லோ, அது இனி என்ட கடன். என்னட்ட வாங்க."

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். எல்லோரும் அதோடுதான் நிறுத்துவார்கள். ஆனால் கணக்கெழுதும் கந்தோர் வாய் அடங்கவில்லை. "ஞாயித்துக்கிழமை லுஹருக்குப் பொறகு ஸ்டோர் தொறந்திரிக்கும்" என்றும் சொல்லிவிட்டான். மூன்றாம் வரிசையில் யாரோ இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார். மௌலவி முகத்தை நேராக வைத்துக்கொண்டு தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினார்.

அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து திரும்பும் வழியில் ஜவுபர் கூடவே நடந்தான். "கந்தோர் மாதிரி நேரமும் குடுத்திட்டீங்க மச்சான். முழு ஊரும் வண்டிலோட வரும், பாருங்க."

கேட்டடிக்கு வந்தபோது வண்டில் ஒன்றும் இல்லை. சாணியும் சில்லுத் தடமும்தான் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை வருவதற்காகப் போய்விட்டார்கள் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

வெள்ளியும் சனியும் அவனும் ஜவுபரும் ஸ்டோருக்குள் மூடை எண்ணினார்கள். பயந்ததைவிடக் கூட இருந்தது, வேண்டியதைவிடக் குறைய இருந்தது. மூன்றாம் நாள் கத்தம் ஓதலுக்கு வந்தவர்களிடம் மெல்ல விசாரித்ததில் இன்னொன்று தெரிந்தது: அக்கரைப்பற்று ஆலைக்காரர் மாமாவுக்குப் பெரிய தொகை கொடுக்க வேண்டியிருந்தது. அப்படியானால் மாமா சொத்தை மிஞ்சிக் கடன்பட்ட வங்குரோத்து இல்லை, அந்த நேரத்துக்குக் கையில் காசில்லாமல் போனவர் மட்டும்தான். பாடத்தில் இந்த வித்தியாசத்தை அவன் பத்துத் தடவை எழுதியிருக்கிறான். எழுதும்போது அதற்கு இவ்வளவு நிம்மதி இருக்கவில்லை. ஆனாலும் ஆலைக்காரர் இனிக் கொடுப்பாரா? இறந்தவருக்குக் கொடுக்க வேண்டியதை மறப்பது சுலபம். பரீட்சைக் கட்டணத்துக்குச் சேர்த்த காசை மாமாவின் கடனுக்கென்று எடுத்து மேசையில் வைத்தான். வகுப்பிலிருந்து விலகுவதாக ஒரு கடிதமும் எழுதினான். முனவ்வறா அதை வாசித்தாள், மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தாள். அனுப்புவதா கிழிப்பதா என்று இருவரும் கதைக்கவில்லை.

ஞாயிறு லுஹர் தொழுதுவிட்டு ஸ்டோர் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தான். கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்து வைக்கச் சொன்னான். உள்ளே கிடப்பதை வருகிறவர்கள் பார்க்கட்டும், குறைவாக இருந்தாலும் பார்க்கட்டும் என்று நினைத்தான்.

பதினைந்து பேரளவில் வந்தார்கள். முதலாமவர் சாகாமத்து உழவு மெசின்காரர். தான் வைத்த நெல் எல்லாவற்றையும் கேட்டார். எவ்வளவு என்று காலிதீன் கேட்டான், அவர் சொன்னார். சாட்சி இருக்கா, எழுதின துண்டு இருக்கா என்று கேட்க வாய் வந்தது. மாமா யாரிடமும் கேட்டதில்லை என்று நினைவு வந்து மூடிக்கொண்டான். ஜவுபர் பல்லைக் கடித்துக்கொண்டு மூடைகளை இறக்கினான். பெட்டி நிறைந்தது. நின்றவர்கள் ஒவ்வொரு மூடையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி மூடை ஏறியதும் வரிசையிலிருந்து இரண்டு பேர் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார்கள். பிறகு இன்னும் மூன்று பேர். அவர்கள் ஏன் போகிறார்கள் என்று ஜவுபருக்கு விளங்கவில்லை. கேட்டதும் கிடைக்கிறது என்றால் இன்றைக்கே கேட்க வேண்டியதில்லை என்பதுதான். காலிதீனுக்கு விளங்கியது, ஆனால் நம்ப முடியவில்லை.

இளையதம்பி முன்னால் வந்தார். வண்டில் கொண்டுவரவில்லை, சைக்கிளில் வந்திருந்தார்.

"வியாழக்கிழமை நான் வண்டிலோட வந்து நிண்டது சரியில்ல, தம்பி. மையித்து வீட்டில நிக்கிற மாதிரியா நிண்டன்? விதைநெல்லு மூண்டு மூடை தந்தாக் காணும். மிச்சம் இஞ்சயே கிடக்கட்டும், முந்தி மாதிரி."

"இப்ப தரட்டா அண்ணன்?"

"சைக்கிளிலயா? செவ்வாய்க்கிழமை காலமைக்கு வாறன். ஓடிப் போகவா போறீங்க?"

மற்றவர்களும் அப்படித்தான். ஒரு மூடை, இரண்டு மூடை. அஸர் தொழுகைக்குப் பிறகு யாரும் வரவில்லை. பின்னேரம் வரை திறந்திருக்கும் என்று மற்றவர்கள் நினைத்திருக்கக்கூடும் என்பதால் அவன் பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும் வரை கதிரையை விட்டு எழும்பவில்லை. முழு ஊரும் எங்கே என்று அவன் கேட்டதற்கு ஜவுபர், நீங்க நேரம் குடுத்ததில பயந்திட்டாங்க மச்சான் என்றான். மாமா போன பிறகு அந்த வளவில் கேட்ட முதல் பகிடி அது.

இருட்டும் நேரம் ஆலைக்காரர் ஆளனுப்பியிருந்தார். ஜனாஸாவில் மருமகன் எழும்பின கதை அக்கரைப்பற்று வரை வந்துவிட்டதாம். மாமாவுக்குரியதை இந்த மாதத்துக்குள் இரண்டு தடவையாகத் தருவாராம்.

கை கால் கழுவிவிட்டு வீட்டுக்குள் வந்தான். மாமி, கணவனை இழந்தவர் இருக்கும் இத்தாவில், உள்ளறையில் இருந்தார். வழக்கம்போல மகளைக் கூப்பிடுவார் என்று காலிதீன் நடையில் நின்றான். முனவ்வறா அடுப்படியில் இருந்தாள். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. மகளை நோக்கியல்ல.

"பகலைக்கும் ஒண்டும் தின்னல்ல. வந்து சாப்பிடுங்க, மகன்."

ஓம் மாமி என்று சொல்ல வேண்டும். ஒன்பது மாதத்தில் அந்த இரண்டு சொல்லையும் சேர்த்து அவன் சொன்னதே இல்லை. சொன்னான். அடுப்படி வாசலில் முனவ்வறா கையில் கோப்பையோடு நின்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று விளக்கு வெளிச்சத்தில் தெரியவில்லை. இரண்டும்தான் போலிருந்தது.

திங்கட்கிழமை பின்னேரம் நல்லரெத்தினம் மோட்டார் சைக்கிளில் பாண்டிருப்பிலிருந்து வந்தார், துக்கம் விசாரிக்க. தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் வங்கிக் கதை கதைத்தார். எழும்பும்போதுதான் சொன்னார்.

"அண்டைக்கு வகுப்பில சிரிச்சிட்டன். இளையதம்பி எங்கட சம்சாரத்துக்குச் சொந்தம், எல்லாம் சொன்னார். அந்தச் சொல்ல மாத்தாதையும் ஐசே."

"கொழும்பில கட்டுரை திருத்துறவர் சிரிப்பாரே அண்ணன்."

"சிரிக்கட்டுமே. நானும் சிரிச்சனான்தானே."

அவர் போன பிறகு காலிதீன் கட்டுரையை எடுத்தான். விரிவுரையாளரின் கேள்விக்குப் பதில் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. தொகை தெரிந்த பிறகு முன்வருபவரால் பயன் இல்லை. அதற்குள் எல்லோரும் வண்டிலோடு வந்துவிடுவார்கள் என்று எழுதி, 'வண்டில்' என்பதை அடித்து 'காசோலை' என்று போட்டான். சொல் முதலில் வர வேண்டும், பிறகு கதவு திறந்திருக்க வேண்டும், அதற்குள் தேடினால் தொகை வரலாம். உலகத்துக்கு அப்படி நிற்பவர் யார் என்பதில் அவனுக்கு இன்னும் தெளிவில்லை. எழும்பச் சொல்லி வற்புறுத்த உலகத்துக்கு ஒரு முனவ்வறா இருப்பதாகவும் தெரியவில்லை. அந்தக் கடைசி வரியைக் கட்டுரையில் எழுத முடியாது. அவளைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினான். அவள் வெட்கப்பட்டு, தலையணைக்குக் கீழிருந்த கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்து அவன் கையில் தந்துவிட்டுப் போனாள்.

நாட்குறிப்பைத் திறந்தான்.

15.11.1982, திங்கள்.
சொல்லை மாற்றவில்லை. அது பிழையாகவும் இருக்கலாம். ஓர் அடிக்குறிப்புப் போட்டால் போதும் என்று நினைக்கிறேன்.
நாளை: காலையில் இளையதம்பி அண்ணனுக்கு விதைநெல் மூன்று மூடை நிறுத்துக் கொடுக்க வேண்டும். அடிக்குறிப்பு எழுத வேண்டும். பின்னேரம் வகுப்பு.